ஓடையில் நட்ட குச்சிகள்

ஏரிக்கும் பனிமலைக்கும் நடுவே கராகோல் நகரில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது மாடியில், உடற்பயிற்சிக் கூடத்துக்கு நேர் மேலே இருந்த அறைக் கதவில் ‘இணையவழிக் கற்பித்தல் உதவிப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். பிரிவு என்றால் நாலைந்து பேராவது இருப்பார்கள் என்று நம்பி உள்ளே நுழைகிறவர்களுக்கு நுர்ஜமால் ஒருத்திதான் கிடைப்பாள். கீழே பந்து குதிக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் மேஜையில் இருந்த தேநீர்க் கோப்பை லேசாக ஆடும். அதற்கு அவள் பழகிவிட்டாள். பழக முடியாதது ஆசிரியர்களின் பாஸ்வேர்டுக்குத்தான்.

“மனைவி பிறந்தநாளைத்தான் பாஸ்வேர்டா வச்சேன், மறந்துபோச்சு” என்று ஒரு சட்டப் பேராசிரியர் வந்து நின்றார்.

“அவங்களையே கேட்டுடலாமே, அகாய்?”

“கேட்டா நான் மறந்தது தெரிஞ்சுடாதா? நீயே வேற ஒண்ணு போட்டுக் குடும்மா.”

ஆண் ஆசிரியர் என்றால் அகாய், பெண் ஆசிரியர் என்றால் ஏஜே. இப்படி நூற்று நாற்பது அகாய்களையும் ஏஜேக்களையும் ஒரே வருஷத்தில் இணையத் தளத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நுர்ஜமாலின் வேலை. முப்பத்தெட்டு வயது, பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணினி சொல்லிக்கொடுத்த அனுபவம், எதையும் பொறுமையாக மூன்று தடவை சொல்லும் குணம். நாலாவது தடவை கேட்கிறவர்களுக்கு அவள் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள். ஊற்றும் நேரத்தில் பல்லைக் கடித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

துணை முதல்வர் ஜானில் ஏஜே இந்த வேலைக்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தார். ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் பத்துக் கட்டங்கள். பாடத்திட்டம், காணொளி, வினாத்தாள், நூல்பட்டியல் என்று பத்தும் நிரம்பினால் பாடத்தின் பெயர் பச்சையாகும். திங்கட்கிழமை காலையில் பச்சைப் பெயர்களும் வெள்ளைப் பெயர்களும் அச்சாகி அவர் அறைக் கதவில் ஒட்டப்படும். பேராசிரியர்கள் அந்தப் பக்கமே வராதவர்கள் போல நடந்து, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மார்ச் மாதத்தில் அந்தப் பட்டியலில் முதல் பச்சையாக வந்தவர் மொல்தோகுல் அகாய். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆறுகளையும் பனியாறுகளையும் பற்றிப் பாடம் எடுப்பவர், வயது அறுபத்தொன்று, கைப்பேசியைப் பிடிக்கும் விதமே ஏதோ சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போல இருக்கும். ஆனால் சொன்ன வேலையைச் சொன்ன தேதிக்கு முன்னால் முடிப்பவர். அஞ்சல் வழியில் படிக்கும் முப்பத்தோரு மாணவர்களுக்காக, வருஷத்தில் இரண்டே தடவை கராகோலுக்கு வந்துபோகும் அவர்களுக்காக, ஒன்றரை மணி நேர உரைகள் பதினாலை எடுத்து ஏற்றிவிட்டார். கோட்டு, கழுத்துப்பட்டி, வாரிய தலை. கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்ததால் பாதிப் படம் அவர் நெற்றி, மீதிப் படம் கூரை.

“எல்லாரும் மொல்தோகுல் அகாயப் பாத்துக் கத்துக்கணும்” என்று ஜானில் ஏஜே கூட்டத்தில் சொன்னார்.

நுர்ஜமால் அன்று மதியம் அந்தப் பாடத்தின் அறிக்கையைத் திறந்து பார்த்தாள். யார் எதைத் திறந்தார், எத்தனை நிமிஷம் பார்த்தார் என்று தளம் எல்லாவற்றையும் குறித்து வைக்கும். முதல் உரையை இருபத்தாறு பேர் திறந்திருந்தார்கள். சராசரியாக மூன்று நிமிஷம். இரண்டாவதை ஒன்பது பேர். ஐந்தாவதை ஒருவர், அவரும் தவறுதலாகத் தொட்டிருப்பார் போல, நாலு நொடி. அதற்குப் பிறகு பனியாறுகளை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இதைச் சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தாள். பட்டியலில் பச்சையாக இருப்பவரைப் போய்க் கலைப்பானேன்? ஆனால் அதைச் சொல்லத்தானே சம்பளம். மூன்றாம் நாள் அவர் அறைக்குப் போய், அறிக்கைப் பொத்தான் எங்கே இருக்கிறது, எண்களை எப்படிப் படிப்பது என்று காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மூணு நிமிஷத்துல நான் வணக்கமே சொல்லி முடிச்சிருக்க மாட்டேனே.”

“ஆமா அகாய். நாலு நிமிஷம் நாப்பது நொடிக்குத்தான் தலைப்பச் சொல்றீங்க.”

“மெஷின் தப்பா எண்ணியிருக்கும்.”

“மெஷின் தப்பா எண்ணாது, அகாய். ஜனங்க கவனத்தை இழுத்துப் பிடிக்கிறதுக்குன்னு சில வழி இருக்கு. பயிற்சி வீடியோல எல்லாம் சொல்லியிருக்கேன். பாத்தீங்களா?”

“பாத்தேன், பாத்தேன்” என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மறுநாள் காலை நுர்ஜமால் மேல்சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் மொல்தோகுல் அகாய் அவள் அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாள். பரீட்சை முடிவு வாசிக்கிற குரலில் வாசித்தார்.

“‘மாணவர் கவனத்தைத் தக்கவைப்பது எப்படி.’ பயிற்றுநர், நுர்ஜமால். நீளம், நாப்பத்தேழு நிமிஷம். திறந்த ஆசிரியர்கள் பதினொரு பேர். சராசரி, இரண்டு நிமிஷம் ஐம்பது நொடி.” தாளை மடித்தார். “தங்கச்சி, அதுல ஆறு நிமிஷம் உக்காந்தது நான். என்னை எடுத்துட்டுப் பாத்தா உன் சராசரி இன்னும் கீழ போகும்.”

ஆசிரியர்களுக்கான அந்தப் பயிற்சிப் பக்கத்தில், எல்லோரும் தொட்டுப் பழகட்டும் என்று எல்லோருக்கும் அறிக்கை பார்க்கும் அனுமதி கொடுத்தவள் அவளேதான். பொத்தானைக் காட்டிக்கொடுத்ததும் அவளேதான். நுர்ஜமாலுக்குக் காது மடல் சூடானது. கெண்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் திரும்பி நின்றாள்.

“மெஷின் தப்பா எண்ணியிருக்கும்னு சொல்லேன்” என்றார் அவர், ஆதரவாக.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு சிரிப்பு போய்விட்டது. அந்த வீடியோவை எடுக்க மூன்று வாரம் உழைத்திருந்தாள். எண்பத்து நாலு படப்பக்கங்கள், ஒவ்வொன்றிலும் அம்புக்குறி, அம்புக்குறிக்கு ஒரு ஓசை. சாயங்காலம் வீட்டில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே அதைப் போட்டுப் பார்த்தாள். ஒன்பதாவது நிமிஷத்தில், தான் சொல்வதைத் தானே கேட்காமல் நாளைக்கு மாவு வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். கவனத்தைத் தக்கவைக்கும் ஐந்தாவது வழியைத் திரையில் இருந்த நுர்ஜமால் அப்போது விளக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் மடிக்கணினியை எடுக்காமல் மொல்தோகுல் அகாயின் நேர் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவர் ஒரு கண்ணாடி ஜாடியில் கலங்கிய தண்ணீரோடு உள்ளே வந்தார். ஜாடியை மேஜையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள்.

“இதுக்குள்ள எத்தனை மலை இருக்கு?” என்றார்.

ஒருத்தன் “ஒண்ணு” என்றான். “உன் கண்ணுக்கு ஒண்ணா? இங்க வா, முகர்ந்து பாரு.” இன்னொருத்தி மூன்று என்றாள், ஏன் என்று கேட்டார், அவள் மழுப்பினாள், வகுப்பு சிரித்தது, அவள் கோபத்தில் எழுந்து வந்து ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மண் நிறத்தைக் காட்டி வாதாடினாள். மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. நுர்ஜமாலும் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள். “அகாய், அந்த வீடியோல இதெல்லாம் எங்க போச்சு?”

“அங்க யாரு இருக்கா, தங்கச்சி? அந்தச் சின்னக் கண்ணாடி ஓட்டையைப் பாத்து எத்தனை மலைன்னு கேட்டா அது பதில் சொல்லுமா? சொல்லலைன்னா திட்டத்தான் முடியுமா?”

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை அவர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நுர்ஜமால் எண்பத்து நாலு பக்கங்களில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. தட்டில் போர்சோக் ரொட்டித் துண்டுகளை வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். “ஜூன் மாசம் முடியும்போது அந்த முப்பத்தோரு பேரும் என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்?”

“ஓடையைப் பாத்தா அது அடுத்து என்ன செய்யும்னு சொல்லணும்.”

“அவங்க வீட்டுப் பக்கத்துல ஓடை இருக்கா?”

“இந்த ஏரியைச் சுத்தி ஓடை இல்லாத ஊர் எங்க இருக்கு?” என்று சொல்லிவிட்டு, கையில் எடுத்த ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே நிறுத்தினார்.

பதினாலு வீடியோக்களையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரும் தன் ஊர் ஓடையில் அளவு கீறிய ஒரு குச்சியை நட வேண்டும். காலை எட்டு மணி, மதியம் இரண்டு, சாயங்காலம் எட்டு, மூன்று வேளையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று, வகுப்பில் எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை அகாய் குரல் பதிவில் ஒரு கேள்வி கேட்பார். எல்லோரும் ஊகம் சொன்ன பிறகுதான் பதில். மலை மேய்ச்சலுக்குப் போகிறவர்களின் கைப்பேசியில் வீடியோ இறங்காது, குரல் இறங்கும், அதனால் குரல். நீளம் மூன்று நிமிஷத்துக்குள் என்று நுர்ஜமால் கட்டாயமாகச் சொல்லிவிட்டாள்.

முதல் பதிவு பதினொரு நிமிஷம் வந்தது. திருப்பி அனுப்பினாள். இரண்டாவது ஏழு. திருப்பி அனுப்பினாள்.

“வணக்கத்தை எடுத்துட்டேன். என் அறிமுகத்தை எடுத்துட்டேன். இனிமே எடுக்கணும்னா என்னைத்தான் எடுக்கணும்” என்றார்.

“பதிலை எடுங்க, அகாய். கேள்வி மட்டும் இருக்கட்டும்.”

மூன்றாவது பதிவு ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. அவரே நாலு தடவை போட்டுக் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

வீடியோவும் அதை ஒட்டிய வினாத்தாள் வகையறாவும் போனதும் பத்துக் கட்டங்களில் ஏழு காலியாகி, திங்கட்கிழமைப் பட்டியலில் முதல் பச்சை கடைசி வெள்ளையாக இறங்கியது. ஜானில் ஏஜே நுர்ஜமாலைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமலேயே பேசினார்.

“ஜூன்ல கல்வி அமைச்சகக் கமிஷன் வருது. இருந்த ஒரே ஒழுங்கான பக்கத்தையும் வெள்ளையடிச்சுட்டு வந்திருக்கே. உதவிப் பிரிவா இது?”

“யாரும் பாக்காத பச்சை, ஏஜே.”

“கமிஷன் பாக்குமே.”

“ஜூன் வரைக்கும் விடுங்க. அப்பவும் சரியா வரலேன்னா அந்த வீடியோக்களை நானே திரும்பப் போட்டுடறேன்.”

ஜானில் ஏஜே விட்டார், தாராள மனதால் அல்ல, வாசலில் வேறு மூன்று பேர் கையெழுத்துக்கு நின்றதால்.

முதல் வாரம் ஐந்து குச்சிகள் வந்தன. அகாய் அந்த ஐந்தையும் விட்டுவைக்கவில்லை. ‘உன் குச்சி சாஞ்சிருக்கே, ஓடை சாஞ்சதா, நீ சாஞ்சியா?’ ‘மூணு நாளா ஒரே எண். உன் ஊர்ல தண்ணி உறைஞ்சுபோச்சா, இல்ல நீ உறைஞ்சுட்டியா?’ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதினார். திட்டு வாங்கியவர்கள் பதிலுக்கு எழுதினார்கள், வாங்காதவர்கள் தங்களுக்கு ஏன் இல்லை என்று பார்க்க வந்தார்கள். மே மாதம் பாதியில் இருபத்தெட்டு குச்சிகள் நின்றன. எல்லைக் காவல் பணியில் இருந்த ஒருவன் துப்பாக்கி துடைக்கும் கம்பியில் கோடு கீறி நட்டிருந்தான். நுர்ஜமால் தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தாள். வேலை என்று சொல்லிக்கொண்டாளே தவிர, வேலைக்காகத் திறக்கவில்லை.

எல்லா ஓடைகளும் ஒரே மாதிரி நடந்தன. காலையில் தண்ணீர் குறைவு, பகல் வெயிலில் மேலே பனி உருகி அது இறங்கி வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், அதனால் எட்டு மணிக்கு அதிகம். ஒரே ஒரு ஓடை மட்டும் தலைகீழாக நடந்தது. தெற்குக் கரையில் ஒரு ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் உல்கான் என்ற பெண்ணின் ஓடை. மதியம் ஏறும், சாயங்காலம் இறங்கிவிடும்.

‘குச்சியைத் தலைகீழா நட்டுட்டியாம்மா?’ என்று அகாய் எழுதினார்.

உல்கானிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் யாரோ தீப்பெட்டி கேட்கும் சத்தம். “அகாய், நான் எட்டு வருஷமா தராசு பிடிக்கிறேன். ஒரு கிராம் குறைஞ்சா என் கடையில சண்டை வரும். எனக்கு எண் படிக்கத் தெரியும். ஓடைதான் இறங்குது!”

அதோடு விடவில்லை. ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை கடையைப் பூட்டிவிட்டுப் போய் அளந்து எழுதினாள். ஐந்து மணி வரை ஏறுகிறது. ஐந்துக்குப் பிறகு சரசரவென்று இறங்குகிறது.

அகாய் அந்த எண்களைப் பார்த்துவிட்டு நுர்ஜமாலின் அறைக்குப் படியேறி மூச்சு வாங்க வந்தார். “தங்கச்சி, முப்பத்தஞ்சு வருஷமா நான் போர்டுல போடற படத்துக்கு இந்தக் கடைக்காரப் பொண்ணு எதிர்ப் படம் போட்டுட்டா! இந்த வாரக் கேள்வி இதுதான். உல்கானோட ஓடையில சாயங்காலத் தண்ணி எங்க போகுது?”

பொதுப் பக்கம் திருவிழாவானது. மண் குடிக்கிறது என்றார்கள், மேலே மறைவாக ஏரி இருக்கிறது என்றார்கள், பனியாறு வடக்குப் பார்த்து இருக்கிறது என்று ஒருத்தி படம் வரைந்தாள். எல்லைக் காவல்காரன் மட்டும் எழுதினான். ‘அகாய், மேல யாரு வீடு இருக்கு?’

அதைப் படித்ததும் உல்கான் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடையோரமாக மேலே நடந்தாள். அரை மணி நடையில் ஜுமாதில் என்பவரின் வாதுமைத் தோட்டம். மடைப்பலகையைத் தூக்கிவிட்டு, ஓடையைத் தன் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, மண்வெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார் ஜுமாதில். அது அவர் முறைத்தண்ணீர் நேரமே இல்லை. உல்கான் பாடத்தில் சொல்லிக்கொடுத்தபடி செய்தாள். படம் எடுத்தாள், நேரம் எழுதினாள், பொதுப் பக்கத்தில் போட்டாள். கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: ‘விடை கிடைத்துவிட்டது, அகாய்.’

அந்த முப்பத்தோரு பேரில் ஒருவன் ஜுமாதிலின் கொழுந்தியாள் மகன். மறுநாள் மதியத்துக்குள் படம் ஊர் முழுக்க எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. அதற்கடுத்த நாள் ஊர்த் தலைவர் பல்கலைக்கழகத்துக்கே போன் செய்துவிட்டார்.

“நம்ம பல்கலைக்கழகம் இப்போ தண்ணித் திருடனையெல்லாம் பிடிச்சுக் குடுக்குதாமே” என்றார் ஜானில் ஏஜே. இந்தத் தடவை உட்காரச் சொன்னார், அதுதான் பயமாக இருந்தது. “இது பத்தாவது கட்டத்துல வருமா, பதினொண்ணாவதுல வருமா?”

நுர்ஜமாலுக்குக் கேலி உறைத்தது, ஆனால் அதைவிட வேறொன்று உறைத்தது. பக்கம் பூட்டியிருக்கிறது, உள்ளே மாணவர்கள் மட்டும்தானே என்று இருந்துவிட்டாள். படங்களில் மனிதர்கள் வருவார்கள், பூட்டிய பக்கத்திலிருந்தும் படம் வெளியே நடந்து போகும் என்று யோசித்திருக்க வேண்டியவள் அவள்தான். அகாய் ஓடையை யோசித்தார், உல்கான் விடையை யோசித்தாள், மனிதரை யோசிக்க ஒருத்தியை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அறைக்குத் திரும்பிப் படத்தை நீக்கினாள். ‘இனி எந்தப் படத்திலும் ஆள் முகம் கூடாது’ என்று எழுதி வைத்தாள். பிறகு அகாயிடம் போய், “நாளைக்குக் காலையில உல்கான் ஊருக்கு வேன்ல இடம் சொல்லிட்டேன், வர்றீங்களா?” என்றாள்.

“நீ சொல்லலைன்னாலும் வந்திருப்பேன். அந்த மடையைப் பாக்கணும் எனக்கு.”

ஜுமாதில் ஓடைக்கரையிலேயே காத்திருந்தார். ஐம்பது வயது, வெயிலில் கறுத்த கழுத்து, அதே மண்வெட்டி. ஊர்த் தலைவரும், முறை பிரித்துக் கொடுக்கும் நீர்க்கட்டியும், வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். உல்கான் கைகளைக் கட்டிக்கொண்டு தன் குச்சிக்குக் காவல் நிற்பவள் போல நின்றாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?” என்று ஜுமாதில் ஆரம்பித்தார். “தப்புன்னா வீட்டுக்கு வந்து திட்டு. மச்சான் முறை ஆகுது. முப்பத்தோரு பேருக்குப் படம் காட்டறதா? என் பொண்ணு பிஷ்கெக்லேர்ந்து போன் பண்ணி, ‘அப்பா, படத்துல தொப்பியாவது நல்லதாப் போட்டிருக்கலாமே’ங்கறா.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நுர்ஜமால் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“தப்பு உல்கானோடது இல்லை, அண்ணே. அந்தப் பக்கத்தை அமைச்சவ நான். முகம் வரக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லியிருக்கணும், சொல்லலை. மன்னிச்சுக்குங்க.”

ஜுமாதில் சண்டைக்குத் தயாராக வந்தவர். மன்னிப்புக்குத் தயாராக வரவில்லை. மண்வெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அந்த இடைவெளியில் மொல்தோகுல் அகாய் புகுந்துவிட்டார்.

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம், தம்பி. ஏன் அஞ்சு மணி? நாலு மணிக்கோ ஏழு மணிக்கோ ஏன் திறக்கலை?”

“அப்பத்தானே மலைத் தண்ணி வந்து சேருது! உங்களுக்குத் தெரியாதா?” ஜுமாதிலின் குரல் ஏறியது. “எனக்கு இந்த நீர்க்கட்டி குடுத்திருக்கிற முறை என்ன தெரியுமா? விடியக்காலம் நாலிலேர்ந்து ஆறு. அந்த நேரத்துல இந்த ஓடையில தவளை குளிக்கக்கூடத் தண்ணி இருக்காது. எல்லாருக்கும் ரெண்டு மணி நேரம், எனக்கும் ரெண்டு மணி நேரம். நியாயமாம்! மூணு வருஷமாச் சொல்றேன், யாரு நம்பறா?”

நீர்க்கட்டி வேறு பக்கம் பார்த்தார். அகாய் நுர்ஜமாலைப் பார்த்தார். அவள் கைப்பேசியில் பொதுப் பக்கத்தைத் திறந்து, பக்கத்து ஊர்களின் ஆறு ஓடைகளை உல்கானின் ஓடையோடு சேர்த்து ஒரே படமாகப் போட்டுக் கொடுத்தாள். ஏறி இறங்கும் கோடுகள், கீழே மணி. அகாய் அதை ஊர்த் தலைவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“இவரு சொல்றது சரி. காலையில வர்றது சாயங்காலத்துல வர்றதுல பாதிகூட இல்லை. நீங்க மணியைச் சமமாப் பிரிச்சீங்க, தண்ணியைப் பிரிக்கலை.”

உல்கான் எட்டிப் பார்த்தாள். தன்னுடைய எண்கள் தன் எதிரிக்குச் சாட்சி சொல்வதைக் கொஞ்ச நேரம் வெறித்தாள். பிறகு, “எண்ணு எண்ணுதான்” என்று முணுமுணுத்தாள். “ஆனா அதுக்காகச் சொல்லாம திறக்கறதா?”

“அது தப்புதான்” என்றார் ஜுமாதில்.

ஊர்த் தலைவர் அங்கேயே நின்று பேசி முடித்தார். முறை நேரம் இனி வாரத்துக்கு ஒரு தடவை சுழலும், இந்த வாரம் விடியற்காலை யாருக்கோ அடுத்த வாரம் சாயங்காலம் அவருக்கு. ஜுமாதிலின் மடைக்குப் பக்கத்தில் இன்னொரு குச்சி. அதை நட்டவர் ஜுமாதிலேதான், நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சொன்னவள் உல்கான். பிறகு எல்லோரும் அவர் வீட்டில் தேநீர் குடித்தார்கள். வேன் வரும் வரை அகாய் மடைப்பலகையை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூனில் கமிஷன் வந்தது. மூன்று பேர். எண்பது பச்சைப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, ஒரே வெள்ளைப் பக்கத்தில் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருவர் தன் மாமனார் ஊர் ஓடை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். அவர்கள் போன மறுநாள் ஜானில் ஏஜே கட்டங்களைக் கைவிட்டுவிட்டதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். பதினொன்றாவதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தார்: ‘மாணவர்கள் என்ன செய்தார்கள்?’ அந்த ஒரு கட்டத்தை நிரப்பத் தெரியாமல்தான் நுர்ஜமாலின் அறை வாசலில் அடுத்த நாள் வரிசை நின்றது. அவள் தன் நாற்பத்தேழு நிமிஷ வீடியோவை நீக்கிவிட்டு, ஒவ்வொருவரிடமும் முதலில் வகுப்பு எப்போது, வந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. கராகோலுக்கு வர முடியாதவர்களுக்குக் கைப்பேசி வழியாக. உல்கான் கடையைப் பூட்ட மனமில்லாமல் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கைப்பேசியை மாவு மூட்டையில் சாய்த்து வைத்திருந்தாள். இணைப்பு அறுந்தால் பார்த்துக்கொள்ள நுர்ஜமால் அகாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு கேள்விக்கு உல்கான் நன்றாகச் சொன்னாள். மூன்றாவது கேள்வி. “ஒரு வாரம் மேகமூட்டம், மழையும் இல்லை. உன் ஓடை என்ன செய்யும்?”

“ஏறும்… இல்ல, இருங்க, அகாய்…” அதற்குள் யாரோ அரைக் கிலோ சர்க்கரை கேட்டார்கள். அவள் தராசுப் பக்கம் திரும்பினாள். சர்க்கரை கேட்டவரின் தொப்பி படத்துக்குள் வந்தது.

“இறங்கும்” என்றது தொப்பி. “வெயில் இல்லேன்னா பனி எப்படி உருகும்? அதுவும் முதல் நாள் தெரியாது, ரெண்டாம் நாள் சாயங்காலம்தான் தெரியும்.”

“மச்சான், சும்மா இருங்க, பரீட்சை நடக்குது!”

“அவரு கேட்டாரு, நான் சொன்னேன்.”

அகாய் மேஜையில் கையால் தட்டினார். “ரெண்டாம் நாள்னு சொன்னாரு பாத்தியா? அது என் புத்தகத்துலயே இல்லை. எழுதிக்கோ, தங்கச்சி. உல்கானுக்கு அஞ்சுக்கு நாலு. ஜுமாதிலுக்கு அஞ்சு.”

“நாலா!” என்றாள் உல்கான், சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி.

நுர்ஜமால் தளத்தில் மதிப்பெண் பக்கத்தைத் திறந்தாள். முப்பத்தோரு பெயர்கள் இருந்தன. ஜுமாதில் என்று ஒரு பெயர் இல்லை, சேர்க்க வழியும் இல்லை. பாடத்தில் பதிவு செய்யாதவருக்கு ஐந்து போட அந்தத் தளத்தில் பொத்தானே கிடையாது.

“போட முடியலை, அகாய்.”

“ஏன் முடியலை? நீதானே உதவிப் பிரிவு?” என்றார் அவர், முற்றிலும் நிஜமான ஆச்சரியத்தோடு. கைப்பேசிக்குள் ஜுமாதில் தன் ஐந்துக்காகக் கழுத்தை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தார்.